கேம் மாற்றிய பழைய எஞ்சின்: புகைச் சோதனையில் தேறுமா?

நாலுசிலிண்டர்:
1972ஆம் ஆண்டு வண்டி, 1600 சிசி, நான்கு சிலிண்டர். எஞ்சினைப் பிரித்துச் சேர்த்தபோது ஆசைப்பட்டு, வால்வுகளை நெடுநேரம் திறந்து வைக்கும் 290 டிகிரி கேம்ஷாஃப்ட் (கேம்) போட்டேன். கூடவே இரண்டு 40 எம்எம் பக்கவாட்டு கார்புரேட்டர்கள், 10:1 கம்ப்ரஷன். நிமிடத்துக்கு 3,500 சுற்றுக்கு மேல் வண்டி பறக்கிறது. ஆனால் 2,000 சுற்றில் ஒரே வேகத்தில் ஓட்டினால் குதிரைபோல் உதறுகிறது.

நேற்று பட்டறையில் புகையை அளந்தோம். ஐடிலில் (வண்டி நின்று எஞ்சின் மட்டும் ஓடும்போது) ஹைட்ரோகார்பன், அதாவது எரியாத பெட்ரோல், 1,350 பிபிஎம், கார்பன் மோனாக்சைடு 1.2 சதவீதம். எக்ஸாஸ்டில் வைத்த வைட்பேண்ட் சென்சார், காற்று-பெட்ரோல் விகிதம் 15.9 என்கிறது. தீப்பொறி டைமிங், பிஸ்டன் உச்சிக்கு வருமுன், ஐடிலில் 8 டிகிரி, மேல் சுற்றில் மொத்தம் 34. இந்தக் கார்புரேட்டர்களில் வாக்குவம் குழாய்க்கு இடமில்லை என்பதால் இன்டேக் உறிஞ்சலைக் கொண்டு தீப்பொறியை முன்னே தள்ளும் வாக்குவம் அட்வான்ஸைக் கழற்றிவிட்டேன். பெட்ரோலைக் கூட்டுவதா, குறைப்பதா?

கரிப்புகை:
இரண்டும் வேண்டாம். கேமை மாற்றுங்கள். 290 டிகிரி கேமில் இன்டேக், எக்ஸாஸ்ட் வால்வுகள் இரண்டும் நெடுநேரம் ஒன்றாகத் திறந்திருக்கும். குறைந்த சுற்றில் எரிந்த வாயு இன்டேக் பக்கம் திரும்பி வந்து புதுக் கலவையைக் கெடுக்கும். கெட்ட கலவை சில சுழற்சிகளில் எரியாமலே வெளியேறும். உங்கள் 1,350 அப்படி வந்ததுதான். பந்தயத் தடத்துக்கு எஞ்சின் கட்டிவிட்டு, காய்கறி வாங்கப் போகும்போது ஏன் உதறுகிறது என்று கேட்கிறீர்கள்.

தீப்பொறி:
கரிப்புகை நண்பருக்கு எந்த நோய்க்கும் அறுவை சிகிச்சைதான் மருந்து. முதலில் அந்த 8 டிகிரியைப் பாருங்கள். அது பழைய கேமுக்கான எண். எரிந்த வாயு கலந்த கலவை மெதுவாக எரியும். அதற்குத் தீயை முன்னதாகவே வைக்க வேண்டும். ஐடிலில் 16 வையுங்கள். மொத்தம் 34ஐத் தாண்டாதபடி, சுற்று ஏற ஏற டிஸ்ட்ரிபியூட்டர் எடைகள் தரும் அட்வான்ஸை 18 டிகிரியில் நிறுத்துங்கள்.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. டைமிங் பின்தங்கினால் எஞ்சினை ஓட வைக்கவே த்ராட்டிலை (காற்றை விடும் தகட்டை) அதிகம் திறக்க வேண்டியிருக்கும். த்ராட்டில் தகடு அடுத்த கட்டத் துளைகளைத் தாண்டிவிட்டால் ஐடில் கலவை ஸ்க்ரூவை எப்படித் திருகினாலும் பயனில்லை. டைமிங்கை முன்னே கொண்டுவந்தால் ஐடில் ஏறும், தகட்டை மூடலாம், ஸ்க்ரூவுக்கு உயிர் வரும்.

கரிப்புகை:
புகையைக் குறைக்கவா டைமிங்கை முன்னே தள்ளச் சொல்கிறீர்கள்? எழுபதுகளில் கார் நிறுவனங்கள் ஐடிலில் டைமிங்கைப் பின்னே தள்ளித்தானே ஹைட்ரோகார்பனைக் குறைத்தன? தாமதமாக எரிந்தால் எக்ஸாஸ்ட் சூடாகும், மிச்ச எரிபொருள் அங்கேயே எரிந்துபோகும். டைமிங்கை முன்னே தள்ளினால் நைட்ரஜன் ஆக்சைடும் ஏறும்.

தீப்பொறி:
உண்மைதான். ஆனால் அந்த எஞ்சின்களில் மென்மையான கேம் இருந்தது. ஒவ்வொரு தீப்பொறிக்கும் கலவை பற்றிக்கொண்டது. இங்கே நான்கில் ஒன்று பற்றவே இல்லை என்றால், தாமதத்தால் என்ன பயன்? பற்றாத அடுப்பில் சுள்ளி அடுக்கும் வேலை அது. அந்தக் காலத்து வண்டிகள் வெப்பத்தில் தவித்ததற்கும் அந்தப் பின்தங்கிய டைமிங் ஒரு காரணம் என்பதை மறக்க வேண்டாம். நைட்ரஜன் ஆக்சைடு பற்றிச் சொன்னதை மறுக்கவில்லை.

பழையசாலை:
இவ்வளவு ஆராய்ச்சி எதற்கு? வருடத்துக்கு ஆயிரம் கிலோமீட்டர்கூட ஓடாத வண்டி. சோதனை நாளில் ஸ்க்ரூவை அரைச் சுற்று மூடுங்கள், முடிந்ததும் திறந்துவிடுங்கள். எல்லோரும் செய்வதுதான்.

லாம்டா:
பழையசாலை ஐயா, கலவை ஏற்கெனவே பற்றாமல் தவிக்கிறது. அரைச் சுற்று மூடினால் ஹைட்ரோகார்பன் இன்னும் ஏறும். ஏமாற்றுவதற்கும் எஞ்சின் ஒத்துழைக்க வேண்டுமே.

மூலக் கேள்விக்கு வருகிறேன். 15.9 என்ற எண்ணை நம்பாதீர்கள். அந்த சென்சார் பெட்ரோலைப் பார்ப்பதில்லை, ஆக்சிஜனைத்தான் பார்க்கிறது. எரியாமல் போன சிலிண்டரின் காற்று முழுவதும் சென்சாரைத் தொட்டுக்கொண்டே வெளியேறும். அது உடனே 'பெட்ரோல் குறைவு' என்று சொல்லிவிடும். நீங்களும் நம்பிப் பெட்ரோலைக் கூட்டிக்கொண்டே போவீர்கள், கண் எரியும்வரை.

என்னை உறுத்துவது வேறொன்று. கலவை எல்லாச் சிலிண்டரிலும் உண்மையாகவே 15.9 ஆக இருந்தால் கார்பன் மோனாக்சைடு அரை சதவீதத்துக்கும் கீழே இருக்க வேண்டும். 1.2 எங்கிருந்து வந்தது? எங்கோ ஒரு சிலிண்டர் அதிகமாகக் குடிக்கிறது, இன்னொன்று பட்டினி கிடக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. கார்புரேட்டர்களின் நான்கு தொண்டைகளிலும் காற்றளவை அளந்தீர்களா?

நாலுசிலிண்டர்:
இல்லை. காதால் கேட்டுத்தான் சமன் செய்தேன்.

தீப்பொறி:
காதா! அதைச் செய்யாமலா பெட்ரோலைக் கூட்டுவதா குறைப்பதா என்று கேட்டீர்கள்? டைமிங் பற்றி நான் சொன்னது அப்படியே இருக்கட்டும், முதலில் சமன் செய்யுங்கள்.

லாம்டா:
அளக்கும்போது இதையும் மனதில் வையுங்கள். எத்தனால் 10 சதவீதம் கலந்த பெட்ரோலுக்குச் சரியான விகிதம் 14.7 அல்ல, ஏறக்குறைய 14.1. பழைய காலத்து ஜெட் (பெட்ரோல் பாயும் அளவுத் துளை) அட்டவணையை அப்படியே போட்டால் கலவை 4 சதவீதம் அளவுக்கு இளைத்துவிடும். 2,000 சுற்றில் வரும் உதறலில் இதற்கும் பங்கு இருக்கலாம். பெட்ரோல் எதுவானாலும், அதற்குச் சரியான விகிதத்தைக் குறிக்கும் லாம்டா 1 என்பது மாறாது. மீட்டரை அந்த அளவில் வைத்துப் படியுங்கள்.

பழையசாலை:
அப்படியானால் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டர் போட்டுவிட்டால் முடிந்ததா?

லாம்டா:
முடியும், கன்வெர்ட்டரின் ஆயுள். ஹைட்ரோகார்பன், கார்பன் மோனாக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடு மூன்றையும் ஒருசேர மாற்ற, கலவை லாம்டா 1ஐ ஒட்டி மிகக் குறுகிய இடைவெளிக்குள் நிற்க வேண்டும். சென்சார் பார்த்து நொடிக்கு நொடி திருத்தும் இன்ஜெக்‌ஷனுக்கு அது முடியும், கார்புரேட்டருக்கு முடியாது. எரியாத பெட்ரோலும் காற்றும் உள்ளே போனால் அங்கேயே எரிந்து பீங்கான் கூடு உருகிவிடும். இன்ஜெக்‌ஷன் போடுங்கள் என்று சொல்லத்தான் கை அரிக்கிறது. அந்தக் கார்புரேட்டர்களின் அழகைப் பார்த்து அடங்கிக்கொள்கிறேன்.

நாலுசிலிண்டர்:
பத்து நாள் கழித்து வருகிறேன். காற்றளவை மீட்டரை வைத்ததும் தலை குனிந்தேன். பின்பக்கக் கார்புரேட்டரின் ஒரு தொண்டை மற்றதைவிட ஒன்றரை மடங்கு காற்று இழுத்தது. த்ராட்டில் தண்டு லேசாக முறுக்கியிருந்தது. அதை மாற்றிச் சமன் செய்ததுமே ஹைட்ரோகார்பன் 1,350லிருந்து 820க்கு இறங்கியது. பிறகு டைமிங்கை 16க்குக் கொண்டுவந்தேன், த்ராட்டிலை மூடினேன், ஐடில் ஜெட்டை 45இலிருந்து 50க்கு ஏற்றினேன். இப்போது 540. கார்பன் மோனாக்சைடு 2.3. பெட்ரோலைக் கூட்டியும் ஹைட்ரோகார்பன் குறைந்ததை என் மெக்கானிக் இன்னும் நம்பவில்லை.

உதறல் பாதி குறைந்திருக்கிறது. முழுதாகப் போகவில்லை.

கரிப்புகை:
அந்த மீதிப் பாதிதான் கேம். நான் சொன்னது எங்கும் போகவில்லை.

தீப்பொறி:
மீதிப் பாதி வாக்குவம் அட்வான்ஸ். பாதி த்ராட்டிலில் சிலிண்டருக்குள் கலவை அடர்த்தி குறைவு. அது எரிய நேரம் எடுக்கும். எடைகள் தருவது போதாது, மேலும் 10 டிகிரி வேண்டும். நான்கு இன்டேக் குழாய்களிலிருந்தும் மெல்லிய குழாய் எடுத்து ஒரு சிறு டப்பாவில் சேர்த்தால் துடிப்பு அடங்கிய வாக்குவம் கிடைக்கும். ஒரே குழாயிலிருந்து எடுத்தால் ஊசி ஆடிக்கொண்டே இருக்கும்.

கரிப்புகை:
டப்பா, குழாய், பசை. இவ்வளவு செய்வதற்கு ஒரு 270 டிகிரி கேம் போதும். மேல் சுற்றில் கொஞ்சம் சக்தி போகும், அவ்வளவுதானே. சாலையில் 6,500 சுற்றுக்கு யார் போகிறார்கள்?

நாலுசிலிண்டர்:
நான் போகிறேன். வாரத்துக்கு ஒரு முறை, ஆளில்லாத ஏற்றத்தில். அதற்காகத்தானே அண்ணா இந்த எஞ்சினைக் கட்டினேன்? டப்பாவைச் செய்து பார்க்கிறேன். கார்புரேட்டர் தொண்டையின் குறுகலான பகுதியான வெஞ்சுரியையும் 34 எம்எம்மிலிருந்து 30க்கு இறக்கப் போகிறேன். குறைந்த சுற்றில் காற்று வேகம் கூடினால் மெயின் ஜெட் சீக்கிரம் வேலைக்கு வரும். அப்போதும் உதறினால் உங்கள் 270ஐப் பற்றிப் பேசலாம்.

கரிப்புகை:
காத்திருக்கிறேன். கேஸ்கெட்டை இப்போதே வாங்கி வையுங்கள்.