ஹோயா பூத்த காம்பை வெட்டாதீர்கள்

ஹோயா என்ற பூங்கொடியை வளர்க்கிறவர்களுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். பூ உதிர்ந்த பிறகு மொட்டையாக நிற்கிற காம்பை வெட்டாதீர்கள். அடுத்த கொத்தும் அதே காம்பின் நுனியில்தான் வரும்.

எங்களுக்குச் செங்கோட்டை. கொடியை வாங்கியது மலைக்கு அந்தப் பக்கம், புனலூரில். ஹோயா கார்னோசா என்ற வகை. கிழக்கு ஜன்னலில் தொங்கவிட்டிருக்கிறோம், காலை வெயில் மட்டும் படும். முதல் பூ கொட்டியதும் என் மாமியார் கத்தரிக்கோலோடு வந்துவிட்டார்கள். "காஞ்சுல்லா நிக்கு, நறுக்கிரட்டா?"

"வேண்டாம் அத்தை, இதுலதான் திரும்பப் பூக்கும்" என்று காம்பைக் காட்டினேன். உதிர்ந்த ஒவ்வொரு பூவும் நுனியில் ஒரு சின்னத் தழும்பை விட்டிருந்தது. அத்தை நம்பவில்லை, ஆனாலும் விட்டுவிட்டார்கள். சாரல் தொடங்கியபின் அதே இடத்தில் கடுகு கடுகாக மொட்டு. அதை முதலில் பார்த்ததே அவர்கள்தான்!

பூவைக் கிட்டத்தில் பார்த்தால் எருக்கம்பூ ஞாபகம் வரும். இரண்டும் ஒரே குடும்பம், கிள்ளினால் பால்கூட வரும். வெளிர் ரோஜா நிறத்தில் ஐந்து முனை நட்சத்திரம், மேலே பட்டு போன்ற ரோமம், நடுவில் சிவப்பு. இருட்டியபின் வாசனை கூடும், தேனும் துளித்துளியாக நிற்கும். அந்த நேரத்தில் வீட்டில் யாரும் ஜன்னலை விட்டு நகர மாட்டோம்.

மரத்தில் தொற்றி வளர்கிற இனம் என்பதால் வெறும் மண் ஆகாது. தேங்காய் மட்டைத் துண்டுகளை ஊறவைத்து, கறைத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, அடுப்புக்கரியும் கொஞ்சம் செம்மண்ணும் கலந்து வையுங்கள். தொட்டி சின்னதாகவே இருக்கட்டும், வேர் நெருக்கமாக இருப்பது இதற்குப் பிடிக்கும். சாரல் மாதங்களில் விரலை விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். இலையில்லாமல் நீளமாக நீட்டுகிற தண்டையும் விட்டுவிடுங்கள், இலை பின்னால் வரும். மொட்டு வைத்தபின் தொட்டியை இடம் மாற்றினால் மொட்டு உதிரலாம்.

எறும்பு ஏறினால் கணுக்களைப் பாருங்கள், மாவுப்பூச்சி இருக்கும். வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து, சாயங்காலமாகத் தெளித்தால் போதும்.

அப்புறம், கடைகளில் இதய வடிவ ஒற்றை இலையைத் தொட்டியில் நட்டு விற்கிறார்கள் இல்லையா, அதுவும் ஒரு ஹோயாதான், கெர்ரி வகை. அடியில் தண்டுக் கணு இல்லாவிட்டால் வேர் விட்டுப் பச்சையாகவே நிற்கும், கொடியாகாது. கணு இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.