டைமிங் செயினுக்குத் தமிழில் என்ன? திங்கள் காலைக்குள் வேண்டும்

பெங்களூர்க் குழுவினருக்கு வணக்கம்.

வீட்டிலேயே கார் பழுதுபார்க்க விரும்புகிறவர்களுக்கான கையேடு ஒன்றைத் தமிழாக்கிக்கொண்டிருக்கிறேன். ஆறு அத்தியாயம் அனுப்பியாயிற்று. ஏழாவது, என்ஜினுக்குள் ஓடும் டைமிங் செயினையும் கூலிங் பாகங்களையும் மாற்றுவது பற்றியது. திங்கள் காலை கேட்கிறார்கள்.

சொல் தேடி அலுத்துப்போய், போன ஞாயிறு என் வண்டியிலேயே செய்து பார்த்தேன். பதினான்கு வயது வண்டி. காலையில் ஸ்டார்ட் செய்ததும் டப்பாவில் கூழாங்கல் குலுக்குவது போலச் சத்தம் வரும், ஆயில் ஏறியதும் அடங்கிவிடும். கழற்றிய செயினையும் புதியதையும் ஒரே ஆணியில் மாட்டித் தொங்கவிட்டேன். பழையது அரை விரல் அகலம் கூடுதலாகத் தொங்கியது. இரும்பு இழுபட்டு நீளவில்லை. ஒவ்வொரு கண்ணியிலும் முளையும் துளையும் மயிரிழை மயிரிழையாகத் தேய்ந்து, எல்லாம் சேர்ந்து இந்த நீளம். இதையெல்லாம் எழுதத் தமிழ் தடையில்லாமல் வருகிறது. செயினின் பெயரில்தான் மாட்டிக்கொண்டேன்.

'நேரச் சங்கிலி' என்று போட்டேன். என் மனைவி படித்துவிட்டு, தாத்தாவின் பாக்கெட் கடிகாரச் சங்கிலியா என்றாள். 'காலச் சங்கிலி' என்றால் காலனின் பாசக்கயிறு ஞாபகம் வருகிறது. உதவுங்கள்.

— ராமமூர்த்தி நகர்

*

அன்புடையீர்,

முதலில் சங்கிலியை விடுங்கள். அது வடமொழி 'சிருங்கலா' வழி வந்தது. நம்மிடம் 'தொடர்' இருக்கிறது. புறநானூறு 74-இல் கணைக்கால் இரும்பொறை சிறையிலிருந்து 'தொடர்ப்படு ஞமலி' என்கிறான். சங்கிலியில் கட்டிய நாய். இதைவிட என்ன சான்று வேண்டும்? 'தொடலை'யும் உண்டு, குறள் 1135. அங்கே மாலை என்ற பொருள் என்பது உண்மைதான். ஆனால் மாலையும் கோத்ததுதானே, செயினும் கோத்ததுதானே.

இன்னொன்று. இந்த ஊரில் கன்னடத்தில் செயினுக்குச் 'சரபளி' என்பார்கள். தமிழில் 'சரப்பளி' ஒரு கழுத்தணி. சரம் எங்கே போய் எங்கே நிற்கிறது பாருங்கள். இதைப் பற்றித் தனியே எழுதுகிறேன்.

— அல்சூர்

*

ஐயா, சுந்தரர் திருவொற்றியூரில் சங்கிலியாரைக் கட்டிக்கொண்டபோது அவருக்கு உறுத்தாத சொல் நமக்கு ஏன் உறுத்த வேண்டும்? சங்கிலி இருக்கட்டும். சிக்கல் 'டைமிங்'கில்.

பொருளைச் சொல்கிறேன், பெயரை நீங்கள் வையுங்கள். கீழே கிராங்க் ஷாப்ட் சுற்றுகிறது, பிஸ்டனை ஏற்றி இறக்குகிறது. மேலே கேம் ஷாப்ட் சுற்றி வால்வுகளைத் திறந்து மூடுகிறது. கிராங்க் இரண்டு சுற்று, கேம் ஒரு சுற்று. அந்தக் கணக்கைப் பற்சக்கரங்கள் பார்த்துக்கொள்ளும். மேல் சக்கரத்துக்கு இரட்டிப்புப் பல். செயினின் வேலை, இருவரையும் ஒருவர் பிடியிலிருந்து ஒருவர் நழுவவிடாமல் வைத்திருப்பது. சில பல் தாண்டினால், பல என்ஜின்களில் ஏறி வரும் பிஸ்டன் திறந்திருக்கும் வால்வில் முட்டும். அப்புறம் ஹெட்டைக் கழற்ற வேண்டியதுதான். அதனால் நேரம் என்பதே தவறு. இங்கே மணியும் இல்லை, நிமிடமும் இல்லை. 'ஒத்தியக்கச் சங்கிலி' என்பேன்.

— பீன்யா

*

பீன்யா அண்ணே, நீங்கள் சொன்னது அப்படியே மிருதங்கம்! கிராங்க் இரண்டாம் காலத்தில் போகிறது, கேம் முதல் காலத்தில் போகிறது, இரண்டும் சமத்தில் வந்து சேர வேண்டும். என் மாணவர்களுக்கு வாரா வாரம் இதைத்தான் கத்துகிறேன். 'தாளச் சங்கிலி' என்று வைத்தால் என்ன? தாளம் தப்பினால் கச்சேரி காலி என்று எந்த மெக்கானிக்குக்கும் புரியும்.

— மல்லேஸ்வரம்

*

அக்கா, அழகாக இருக்கிறது. ஆனால் 'தாளச் சங்கிலி' என்றால் கடைக்காரர் ஜால்ராவைக் கட்டும் கயிற்றை எடுத்துத் தருவார்.

நான் ஜே.சி. ரோட்டில் ஸ்பேர் பார்ட்ஸ் கவுண்டரில் பதினெட்டு வருஷம் நின்றவன். தமிழ், கன்னடம், உருது எதில் பேசிக்கொண்டு வந்தாலும் கேட்பது 'டைமிங் கிட்'. செயின், டென்ஷனர், கைடு, பற்சக்கரம் எல்லாம் ஒரே பெட்டியில். சரபளி கேட்டு ஒருவரும் வந்ததில்லை, அல்சூர் ஐயா மன்னிக்கணும். புத்தகத்தைப் படித்துவிட்டு ஒரு பையன் ஒத்தியக்கச் சங்கிலி கேட்டு வந்து வெறுங்கையோடு திரும்பினால், அந்தப் பாவம் யாருக்கு?

— ஜே.சி. ரோடு

*

கடைக்குப் போகும் சொல் வேறு, பாடத்தில் நிற்கும் சொல் வேறு. கிராங்க் ஷாப்ட்டுக்கு 'வணரித்தண்டு' என்பதை முதலில் கேட்டபோது நானும் சிரித்தேன். பிறகு புறநானூற்றில் 'வணர்கோட்டுச் சீறியாழ்' கண்ணில் பட்டது. வளைந்த கொம்புடைய சிறிய யாழ். கிராங்க் ஷாப்ட்டைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள், அது வணர்ந்துதானே இருக்கிறது?

டைமிங்குக்குச் சரியான சொல் 'செவ்வி'. ஏற்ற சமயம் என்று பொருள். ஆகவே 'செவ்வித் தொடர்'. இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

— அல்சூர்

*

ஐயா, ஈழத் தமிழில் செவ்வி என்றால் பேட்டி. 'செவ்வித் தொடர்' என்று போட்டால் யாழ்ப்பாணத்து வாசகர் யாரை யார் பேட்டி எடுத்தார்கள் என்று தேடுவார். சரி, தொடரைத் தொடரியாக்கி 'நேரத் தொடரி' என்றாலோ, சிட்டி ஸ்டேஷனில் சரியான நேரத்துக்கு வந்த ரயில்!

என்னுடையதையும் சொல்லிவிடுகிறேன். 'முறைச் சங்கிலி'. ஏரிப் பாசனத்தில் முறை வைத்து மடை திறப்பார்கள் இல்லையா, வால்வும் முறை வைத்துத்தான் திறக்கிறது.

— ராமமூர்த்தி நகர்

*

முறை நன்றாயிருக்கிறது, தனியாக நிற்கும் வரை. அடுத்த பக்கத்திலேயே வால்வு டைமிங் வருமே, என்ன போடுவீர்கள்? 'வால்வு முறை' என்றால் வால்வு அமைப்பு என்றுதான் படிப்பார்கள். இக்னிஷன் டைமிங்? டைமிங் பெல்ட்? ஒரு சொல் வைத்தால் அதன் பங்காளிகளுக்கும் சோறு போட வேண்டும். 'தருணம்' என்று வைத்துப் பாருங்கள்: வால்வுத் தருணம், பற்றவைப்புத் தருணம், தருணப் பட்டை, தருணச் சங்கிலி. எங்கும் இடறவில்லை. என் ஒத்தியக்கத்தை நானே வாபஸ் வாங்குகிறேன்.

அப்புறம் மொழிபெயர்ப்பில் ஒன்று விட்டுவிடாதீர்கள். புதுச் செயினில் நிறம் பூசிய கண்ணிகள் இருக்கும். அவற்றைச் சக்கரங்களில் உள்ள புள்ளிகளுக்கு நேராக வைத்துத்தான் பூட்ட வேண்டும். மூடும் முன் கிராங்கைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும். சக்கரப் புள்ளிகள் பழைய இடத்துக்கு வந்துவிடும். நிறக் கண்ணிகள் வராது. பயந்துபோய் மறுபடி கழற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

— பீன்யா

*

நிறக் கண்ணிகள் வராத அந்த இடத்தில் நானும் அரை மணி நேரம் வேர்த்துப்போய் உட்கார்ந்திருந்தேன், அண்ணே. சேர்த்துவிடுகிறேன்.

இதே அத்தியாயத்தில், என்ஜின் சூட்டைத் தணிக்க ஊற்றும் கூலன்ட்டும் வருகிறது. 'குளிரூட்டி' என்றால் ஏ.சி. என்ன செய்ய?

— ராமமூர்த்தி நகர்

*

இதற்கு எதற்கு ஆராய்ச்சி? தண்மை + நீர் = தண்ணீர். குளிர்ந்த நீர் என்றே பெயர் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள் முன்னோர். வெந்நீருக்கு எதிர்ச்சொல்.

— அல்சூர்

*

ஐயா, கையெடுத்துக் கும்பிடுகிறேன், அதை மட்டும் அச்சில் ஏற்றாதீர்கள்! தண்ணீர் என்று போட்டால் ஜனங்கள் தண்ணீரையே ஊற்றுவார்கள். அதுவும் நம் ஊர் போர்வெல் தண்ணீர். பக்கெட் ஓரத்தில் வெள்ளையாகப் படியுமே, அதே படிவு ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் படியும். பெங்களூரில் நீர் உறையாதே, கூலன்ட்டில் எத்திலீன் கிளைக்கால் எதற்கு என்று கேட்கிறவர்கள் உண்டு. கொதிநிலையை ஏற்றுவதற்கும், கலந்திருக்கும் மருந்துகள் துருவைத் தடுப்பதற்கும்தான். காய்ச்சி வடித்த நீரோடு பாதிக்குப் பாதி. சூடாக இருக்கும்போது மூடியைத் திறக்கக் கூடாது என்பதைத் தடித்த எழுத்தில் போடுங்கள். அழுத்தம் விட்டதும் உள்ளே இருப்பது கொதித்து முகத்தில் பீய்ச்சும்.

— ஜே.சி. ரோடு

*

கூலன்ட்டுக்குத் 'தணிப்பி' என்று வைத்துக்கொள்ளலாமா? ரேடியேட்டருக்குக் 'கதிர்வீசி' வேண்டாம். பெயர்தான் ரேடியேட்டர், பெரும்பாலும் சூட்டை வாங்கிக்கொண்டு போவது அதன் ஊடே வரும் காற்று.

— மல்லேஸ்வரம்

*

ஞாயிறு இரவு பதினொன்றரை. தருணச் சங்கிலிக்கு நாலு பேர் சரி என்றிருக்கிறீர்கள், அதில் இரண்டு பேர் 'தூக்கம் வருகிறது' என்றும் சேர்த்திருக்கிறீர்கள். முதல் இடத்தில் 'டைமிங் செயின், அதாவது தருணச் சங்கிலி' என்று எழுதிவிட்டு, பிறகு முழுக்கத் தருணச் சங்கிலி. கடையில் என்ன கேட்க வேண்டும் என்று ஒரு பெட்டிச் செய்தி. தணிப்பியைப் போட்டிருக்கிறேன். ரேடியேட்டர் ரேடியேட்டராகவே போகிறது.

— ராமமூர்த்தி நகர்

*

தருணமும் வடமொழியே. இளமை என்பதுதான் அங்கே அதன் முதற்பொருள். நீங்கள் எழுதியிருப்பது இளஞ்சங்கிலி. 'செவ்வித் தொட'ரைத் திரும்பப் பெறவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளவும். சரப்பளி பற்றிய கட்டுரை நாளை.

— அல்சூர்