புற ஊதா ஒளியில் ஒட்டுப் பலபடியாக்கம்: சவ்வில் புரதம் கசிவது ஏன்?

கேள்வி: பாலிஈதர்சல்ஃபோன் என்னும் பலபடியால் (நீண்ட சங்கிலி மூலக்கூறுகளால்) ஆன வடிகட்டுச் சவ்வில் புரதம் படிவதைத் தடுக்க, அதன் மேல் வேறு சங்கிலிகளை ஒட்டி வளர்க்க (ஒட்டுப் பலபடியாக்கம்) நினைத்து, அதை அக்ரிலிக் அமிலக் கரைசலில் தோய்த்து 254 நானோமீட்டர் விளக்கின் கீழ் வைத்தேன். நீர்த்துளி இப்போது தட்டையாகப் பரவுகிறது. ஆனால் வடிநீரில் புரதம் முன்னைவிட அதிகமாகக் கசிகிறது. ஒளியை உறிஞ்சி வினையைத் தொடங்கிவைக்கும் பென்சோபீனோன் சேர்க்காததுதான் காரணமா?

மறுமொழி 1: இல்லை. பென்சோபீனோன் பாலிப்ரோப்பிலீன் போன்ற, தானே ஒளியை உறிஞ்சாத பலபடிகளுக்குத்தான் தேவை. பாலிஈதர்சல்ஃபோனின் சங்கிலி ஒளி பட்டதும் தானே அறுந்து தனி உறுப்புகளை (இணையாத எலக்ட்ரான் கொண்ட, எளிதில் வினைபுரியும் துண்டுகளை) தருவதால், அங்கிருந்தே ஒட்டுச் சங்கிலி வளரத் தொடங்குகிறது. உங்கள் விளக்கின் ஆற்றல் அதிகம் என்பதால், ஒட்டுவதற்குத் தேவையானதைவிட அதிகமான சங்கிலிகள் அறுந்து துளைகள் விரிந்திருக்கலாம். ஆற்றல் குறைந்த 300 நானோமீட்டர் விளக்கில் நேரத்தைக் குறைத்துப் பாருங்கள்.

மறுமொழி 2: கரைசலில் நைட்ரஜனைச் செலுத்தினீர்களா? கரைந்துள்ள ஆக்சிஜன் தனி உறுப்புகளை விழுங்கிவிடும்.

கேட்டவர்: செலுத்தினேன். ஒளியூட்டிய பின் கரைசல் கொழகொழவென்று ஆகிவிட்டது.

மறுமொழி 2: அது சவ்வில் ஒட்டாமல் தனியே உருவான பாலிஅக்ரிலிக் அமிலம், நன்கு கழுவாமல் எடையையோ தொடுகோணத்தையோ (நீர்த்துளி பரப்போடு உண்டாக்கும் கோணம்) அளந்தால், ஒட்டியதாகவே தவறாகக் கணக்கிடுவீர்கள். பாய்வை (சவ்வின் வழியே நீர் செல்லும் வேகத்தை) எப்போதும் ஒரே பிஎச் மதிப்பில் அளவிடுங்கள். காரத்தில் இச்சங்கிலிகள் விரிந்து துளைகளை அடைக்கும்.