புதுப்பிப்பு: இரட்டைக் குழந்தைகள், பிரசவம் கடலூரிலா புதுச்சேரியிலா?

மூன்று மாதத்துக்கு முன்பு, இரட்டைக் குழந்தைகளைச் சுமந்த மனைவிக்கு 28 வாரம் ஆனபோது, பிரசவத்தைக் கடலூரில் வைத்துக்கொள்வதா புதுச்சேரியிலா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி.

“இரட்டை என்றால் 37 வாரத்துக்கு முன்பே வலி வரலாம். பச்சிளங்குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கும் இடத்திலேயே பதிவு செய்யுங்கள், 32 வாரத்துக்குள் பையைக் கட்டி வையுங்கள்” என்று ஒரு அக்கா எழுதியிருந்தார். அதுதான் எங்களைக் காப்பாற்றியது. புதுச்சேரியில் பதிவு செய்துகொண்டோம். வளைகாப்பையும் முன்னதாகவே வீட்டோடு முடித்துவிட்டோம்.

35வது வாரம், இரவு இரண்டு மணிக்குப் பனிக்குடம் உடைந்தது. கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து கார் பிடித்து முக்கால் மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தோம். அறுவை சிகிச்சை. பெண் 2.1 கிலோ, பையன் 1.7 கிலோ.

எதிர்பாராதது ஒன்று. பெண்ணும் அம்மாவும் ஐந்தாம் நாளே வீட்டுக்கு வரலாம் என்றார்கள், பையன் இன்னும் ஒன்பது நாள் உள்ளே இருந்தான். ஒரு குழந்தையை விட்டுவிட்டு வர மனசே வரவில்லை. மருத்துவமனைக்குப் பக்கத்திலேயே அறை எடுத்தோம். பால் பீய்ச்சிக் கொண்டுபோய்க் கொடுத்தோம். செவிலியர் சொல்லிக்கொடுத்தபடி, சட்டையில்லாமல் நெஞ்சோடு அணைத்து வைத்திருப்பதை நானும் செய்தேன். அப்பாக்களும் செய்யலாம், தயங்காதீர்கள். இந்தத் தங்கும் செலவுக்கும் சேர்த்துப் பணம் ஒதுக்கி வையுங்கள்.

அப்புறம், இரண்டு தொட்டில் முன்கூட்டியே வாங்கியது அவசரப்பட்டுச் செய்த வேலை. பழைய பருத்திப் புடவைத் துணிகள்தான் போதாமல் போயின. யாருக்கு எப்போது பால் கொடுத்தோம் என்று நோட்டில் எழுதச் சொல்லி இங்கே கிடைத்த யோசனையும் நன்றாக உதவுகிறது, இன்றும் எழுதுகிறோம். பையன் இப்போது 2.6 கிலோ.