பழைய காரில் யு-ஜாயின்ட் கிராஸ் மாற்றியவர்கள் கவனித்தவை

கிளட்ச் விடும்போது காருக்கு அடியில் 'டொக்' என்று கேட்டாலோ, மெதுவாக உருளும்போது 'கீச் கீச்' என்று வந்தாலோ முதலில் கிராஸைப் பாருங்கள். கியர்பாக்ஸிலிருந்து பின் அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் ஷாஃப்டின் மூட்டுதான் யு-ஜாயின்ட்; அதன் நடுவில் உள்ள சிலுவை வடிவத் துண்டு கிராஸ், அதைப் பிடிக்கும் கவை யோக். சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, நியூட்ரலில் வைத்து, யோக்கை ஒரு கையாலும் ஷாஃப்டை மறு கையாலும் பிடித்து எதிரெதிராகத் திருகினால் ஆட்டம் கைக்கே தெரியும்.

கழற்றும் முன் ஃபிளேஞ்சுகளிலும் (போல்ட் போடும் தட்டுகள்) ஸ்லிப் ஜாயின்ட்டின் (ஷாஃப்ட் நீண்டு சுருங்கும் இடம்) இரு பாதிகளிலும் சென்டர் பஞ்சால் புள்ளி வையுங்கள். சாக்பீஸ் கோடு கிரீஸ் பட்டதும் போய்விடும். ஸ்லிப் ஜாயின்ட்டின் பல் வரிசையான ஸ்ப்ளைனில் ஒரு பல் மாறினாலும் முன் யோக்கும் பின் யோக்கும் ஒரே தளத்தில் நிற்காது. முன் ஜாயின்ட்டில் வரும் வேக ஏற்ற இறக்கத்தைப் பின் ஜாயின்ட் சரிக்கட்டாமல், ஒரு சுற்றுக்கு இரண்டு முறை அதிரும். புதுக் கிராஸ் போட்ட பிறகும் வண்டி நடுங்குகிறது என்று வருகிற கேள்விகளில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

—

மேலே சொன்னதோடு வைஸ் வேலையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கிராஸின் ஒவ்வொரு முனையையும் ஒரு பேரிங் கப் மூடியிருக்கும், அதைப் பூட்டும் வளையம்தான் சர்க்கிளிப். சர்க்கிளிப் வரவில்லையென்றால் பள்ளத்தில் உள்ள பெயின்ட், துருவைச் சுரண்டி, துரு இளக்கும் எண்ணெய் விட்டு, கப்பை உள்பக்கமாக லேசாகத் தட்டுங்கள், கிளிப் தளர்ந்துவிடும். கப்பைவிடச் சிறிய சாக்கெட்டை ஒரு பக்கமும், கப் உள்ளே போகும் அளவு பெரிய சாக்கெட்டை மறுபக்கமும் வைத்து வைஸை இறுக்கினால் எதிர்க் கப் வெளியே வரும். ஷாஃப்ட் குழாயை மட்டும் வைஸில் பிடிக்காதீர்கள், நசுங்கினால் பேலன்ஸ் போச்சு.

புதுக் கப்பில் நீடில்களை (ஊசி போன்ற சிறு உருளைகள்) கிரீஸ்தான் பிடித்து நிறுத்துகிறது. கிராஸின் முனையைக் கப்புக்குள் நுழைத்தபடியே அழுத்துங்கள். கிளிப் பள்ளம் முழுதாகத் தெரியும் முன் கப் நின்றுவிட்டால், ஒரு நீடில் சாய்ந்து கப்பின் அடியில் படுத்திருக்கிறது. அந்த இடத்தில் சுத்தியலைத் தொடவே கூடாது: கப் வெடிக்கும், யோக் காதும் வளையும். வெளியே எடுத்து நீடில்களை வரிசையாக நிறுத்தி மறுபடி அழுத்துங்கள்.

—

கிளிப் நான்கும் உட்கார்ந்த பிறகு ஜாயின்ட் இறுக்கமாக இருந்தால், 'ஓட ஓடச் சரியாகும்' என்று விட்டுவிடாதீர்கள். செம்புச் சுத்தியலால் யோக் காதுகளைத் தட்டினால் கப் வெளிப்பக்கம் நகர்ந்து கிளிப்போடு ஒட்டும். கையால் எல்லாத் திசையிலும் சீராக மடங்க வேண்டும். மேலும் கீழும் ஆட்டம் இருக்கக் கூடாது.

கிரீஸ் அடிக்கும் நிப்பிள் ஷாஃப்ட் பக்கம் பார்த்திருக்கிறதா என்பதைக் கப் அழுத்துவதற்கு முன்பே உறுதிசெய்யுங்கள். ஃபிளேஞ்ச் பக்கம் திரும்பிவிட்டால் வண்டியில் மாட்டியதும் கிரீஸ் கன் நுழையாது. நான்கு சீலிலும் கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை அடியுங்கள். ஒன்றில் வரவில்லையென்றால் அந்தக் கப் காய்ந்து கிடக்கிறது.

ஜாகுவார் இ-டைப் வைத்திருப்பவர்களுக்கு: பின்னால் உள்ள அரை ஷாஃப்டுகளிலும் (டிஃபரன்ஷியலிலிருந்து சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்டுகள்) இதே மாதிரிக் கிராஸ்கள்தான். கழற்றும்போது பிரேக் டிஸ்க்கை ஒட்டி இருக்கும் ஷிம்களை (மெல்லிய தகடுகள்) பக்கவாரியாகக் கட்டி வையுங்கள், சக்கரத்தின் கேம்பர் (உள்பக்கமோ வெளிப்பக்கமோ சாயும் அளவு) அவற்றின் கையில் இருக்கிறது.