பொறியியல் படித்துவிட்டு அவுஸ்திரேலியா வந்தவர்களுக்கு: 'நாங்கள்' வேண்டாம், 'நான்' என்று எழுதுங்கள்

மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கமிருந்து புதிதாக வந்து இறங்கும் தம்பி தங்கச்சிமார் என்னிடம் முதலில் கேட்பது, "அண்ணே, எங்கட டிகிரி இங்க செல்லுமா?"

செல்லும். ஒரு நாட்டில் தரம் பார்த்து அங்கீகரித்த பொறியியல் பட்டத்தை மற்ற நாடுகளும் ஏற்றுக்கொள்வதுதான் வாஷிங்டன் உடன்படிக்கை. அவுஸ்திரேலியா 1989 முதலே அதில் இருக்கிறது, இலங்கை 2014இல் முழு உறுப்பினரானது. ஆனால் அந்த அங்கீகாரம் பாடநெறியையும் பட்டம் பெற்ற ஆண்டையும் பார்த்துக் கொடுப்பது. பேராதனையோ ஒலுவிலோ, பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் வைத்து முடிவு கட்டாமல் உங்கள் பிரிவும் ஆண்டும் பட்டியலில் உண்டா என்று பாருங்கள். இருந்தால் வேலை சுருக்கம். இல்லாவிட்டால் சி.டி.ஆர். எழுதி, விசாவுக்காகப் பொறியியல் தகைமையை மதிப்பிடும் அமைப்பான எஞ்சினியர்ஸ் அவுஸ்திரேலியாவுக்குக் கொடுக்க வேண்டும். நீங்கள் செய்த மூன்று வேலைகளை விவரமாகச் சொல்லும் அறிக்கை அது.

எங்கட ஆட்கள் சறுக்குவது இங்கேதான். நான் களுவாஞ்சிகுடிப் பக்கம் ஒரு வடிகான் வேலையில் நின்றவன். மாரி வந்தால் தண்ணீர் வளவுக்குள் ஏறும் இடம். மழை அளவை வைத்துக் கணக்குப் போட்டு, இரண்டு கண் மதகு போதாது, மூன்று கண் வேண்டும் என்று காட்டியது நான். ஆனால் முதல் வரைவில் "நாங்கள் ஆராய்ந்தோம், நாங்கள் மாற்றினோம்" என்றே எழுதியிருந்தேன், பெரியவர்களோடு நின்று செய்த வேலைக்கு 'நான்' என்று சொல்ல வாய் கூசும், எங்கட வளர்ப்பு அப்படி. வாசித்த ஒரு அக்கா ஒவ்வொரு 'நாங்கள்' பக்கத்திலும் சிவப்பு மையால் "இதில் நீ என்ன செய்தாய்?" என்று எழுதித் தந்தார். பதினேழு இடம்! அதற்குப் பதில் எழுத எழுதத்தான் என் வேலையே எனக்கு விளங்கியது. தயவுசெய்து காசு கொடுத்து யாரையும் எழுத வைக்காதீர்கள், களவு பிடிபட்டால் விண்ணப்பம் போய்விடும், திரும்பப் போடவும் தடை வரும்.

விசாவுக்கு வேலை அனுபவத்துக்கும் புள்ளி கேட்பதென்றால் கடிதத்தலைப்பில் பதவி, திகதி, செய்த வேலை எல்லாம் எழுதிய கடிதம் வேண்டும். நான் இருந்த கொம்பனி அடுத்த வருடமே மூடிவிட்டது. ஈ.பி.எஃப். (ஊழியர் சேமலாப நிதி) கூற்றையும் சம்பளச் சிட்டைகளையும் அம்மா அலுமாரியில் பத்திரமாக வைத்திருந்ததால் என் சேவைக் காலத்துக்கு அத்தாட்சி இருந்தது, பழைய மேலதிகாரியைத் தேடிப் பிடித்துக் கடிதம் வாங்கினேன்.

அப்புறம், இந்த மதிப்பீடு முடிந்தால் எல்லா இடத்திலும் பொறியியலாளராகக் கையெழுத்து வைக்கலாம் என்று நினைக்க வேண்டாம். குயின்ஸ்லாந்தில் 2002ஆம் ஆண்டுச் சட்டப்படி தனியாகப் பதிவு வேண்டும், அல்லது பதிவுள்ள ஒருவரின் நேரடி மேற்பார்வையில் வேலை செய்ய வேண்டும். கனடாவுக்கு மாறுகிறவர்களுக்கும் உரிமம் மாகாணத்துக்கு மாகாணம் வேறு. முதல் வேலை வரைபடம் கீறுவதாக இருந்தாலும் பிடித்துக்கொள்ளுங்கள், சிட்னி, மெல்போர்னை விட்டு வெளியே உள்ள சிறு நகர சபைகளுக்கும் போட்டுப் பாருங்கள், வடிகானும் மதகும் தெரிந்த கைக்கு அங்கே வேலை உண்டு.

கடிதம் இன்னும் எடுக்காதவர்கள் இந்தக் கிழமையே ஊரில் யாரையாவது அனுப்புங்கள், உங்கள் பழைய மேலதிகாரி இடம் மாறிப் போக முன்.