‘ரஸ்ட் கன்வெர்ட்டர்’: துருநீக்கியா, துருமாற்றியா, துருக்கட்டா?

பழங்காநத்தத்திலிருந்து:

குழுமத்தாருக்கு வணக்கம்.

பழைய மெட்டடார் வேனை வாங்கி, உள்ளே படுக்கையும் அடுப்பும் வைத்துத் தங்குவண்டியாக மாற்ற நினைக்கிறவர்களுக்கான கையேட்டில் இப்போது துரு அத்தியாயம் ஓடிக்கொண்டிருக்கிறது. பட்டறைப் பக்கமே போயிராத ஒருவர் இதைக் கையில் வைத்துக்கொண்டு வேலை பார்க்க வேண்டும். ஒரு சொல் தவறினால் அவருக்கு ஒரு தகடு போய்விடும்.

சிக்கல், துரு மேல் பூசி அதை அசையாத பொருளாக்குகிற ‘ரஸ்ட் கன்வெர்ட்டர்’ என்கிற திரவத்தின் பெயரில். நம்மூர் பெயின்ட் கடையில் ‘துருவுக்கு அடிக்கிற கெமிக்கல்’ என்று கேட்டால் மூன்றில் ஒன்று கைக்கு வரும். துருவைக் கரைத்துக் கழுவி எடுக்கிற அமிலம், கிரில் கேட்டுக்கு அடிக்கிற ரெட் ஆக்சைடு பிரைமர், இல்லையென்றால் நாம் கேட்க வந்த இந்தத் திரவம். மூன்றுக்கும் வேலை வேறு வேறு. வரைவில் இப்போதைக்கு ‘துருநீக்கி’ என்று போட்டிருக்கிறது. அது உறுத்துகிறது. பட்டறைக்காரர்களும் வேதியியல் தெரிந்தவர்களும் சொல்லுங்கள்.

அவனியாபுரம் டிங்கரிங் பட்டறையிலிருந்து:

> வரைவில் இப்போதைக்கு ‘துருநீக்கி’

அண்ணே, அதை முதலில் எடுத்துவிடுங்கள். நீக்கி என்று எழுதினால், வாங்குகிறவர் செதில் செதிலாக நிற்கிற துருவுக்கு மேலேயே பூசிவிட்டு, தானாகப் போய்விடும் என்று காத்திருப்பார். இது எதையும் நீக்காது. நீக்குவது கை வேலை. அது முடிந்த பிறகு, கம்பி பிரஷ்ஷுக்கும் எட்டாமல் தகட்டின் பொடிக்குழிகளில் ஒட்டிக்கொண்டிருக்கிற மெல்லிய துருவுக்குத்தான் இந்த மருந்து.

பெயர் எதுவாக இருந்தாலும் அதற்கு முந்தின வேலையைக் கையேட்டில் தெளிவாக எழுதுங்கள். ரப்பர் மேட்டையும் அடியில் இருக்கிற சணல், ஃபெல்ட்டையும் முழுசாக உரிக்க வேண்டும். சின்னச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போனால் நல்ல தகடு ‘டங்’ என்று பேசும், செத்த தகடு ‘பொத்’ என்று அமுங்கும். சந்தேகப்படுகிற இடத்தில் ஸ்க்ரூடிரைவர் முனையை வைத்து அழுத்துங்கள். உள்ளே இறங்கினால் அந்த இடத்துக்கு எந்த மருந்தும் கிடையாது. நல்ல இரும்பு தெரிகிற வரைக்கும், அதற்கு மேலும் ஓர் அங்குலம் வெட்டி எடுத்துவிட்டு சி.ஆர். தகடு (கோல்ட் ரோல்டு, அதாவது குளிர்நிலையில் உருட்டின இரும்புத் தகடு) வைத்துப் பற்றவைக்க வேண்டும். பக்கவாட்டுக்கு 20 கேஜ், அதாவது ஏறக்குறைய 0.9 மி.மீ. தரைக்கு 18 கேஜ், 1.2 மி.மீ. வெல்டிங் எல்லாம் முடிந்த பிறகுதான் மருந்து. பாஸ்பரிக் அமிலம் பூசின இடத்தில் வெல்டிங் வைத்தால் வருகிற புகை நஞ்சு.

மதுரை வெயிலில் காய்ந்து கிடக்கிற வண்டிக்குத் துரு எங்கே வரப்போகிறது என்று நினைப்பார்கள். ஐப்பசி மழையில் மேட்டுக்கு அடியில் இறங்கின தண்ணீர், மேலே வெயில் கொளுத்தினாலும் அங்கேயே நிற்கும். கதவின் அடிவிளிம்பில் தண்ணீர் வடிகிற ஓட்டை மண்ணால் அடைத்திருக்கும். ஜன்னல் ரப்பருக்குக் கீழே, சக்கர வளைவில், கூரையோரக் காடியில் எல்லாம் இதே கதைதான். ராமேஸ்வரம், தூத்துக்குடிப் பக்கம் மீன் ஏற்றின வண்டி என்றால் ஐஸ் தண்ணீரும் உப்பும் சேர்ந்து தரையை அரித்திருக்கும். தரை முழுக்க மாற்றுகிற செலவைக் கணக்குப் போட்டுக்கொண்டே விலை பேசச் சொல்லுங்கள்.

கோச்சடையிலிருந்து:

ஐயா, பட்டறைத் தம்பி சொன்னது வேதியியல்படியும் சரி. ‘நீக்கி’ கூடாது.

இந்தத் திரவம் இரண்டு வகை. ஒன்றில் டானிக் அமிலம், கூடவே காய்ந்ததும் படலமாக நிற்கிற ஒரு பிசின். துருவோடு சேர்ந்து கருநீலமான இரும்பு டானேட் ஆகிவிடும். வாழைக்காய் அரிந்த இரும்பு அரிவாள்மனையில் கறுப்பு ஏறுகிறதே, அதே சேர்க்கை. கடுக்காய்த் துவர்ப்போடு அன்னபேதி என்கிற இரும்பு உப்பைச் சேர்த்து மை காய்ச்சினதும் இதை வைத்துத்தான். இன்னொரு வகையில் பாஸ்பரிக் அமிலம். அது துருவை இரும்பு பாஸ்பேட் ஆக்கும். இந்த வகையில் வினைப்படாத அமிலம் மேலே மிஞ்சி நிற்கும். டின்னில் சொன்னபடி அதைத் துடைத்தோ கழுவியோ எடுக்காமல் பெயின்ட் அடித்தால் கொப்புளம் வரும்.

‘துருமாற்றி’ என்று சொல்லலாம்தான். மின்மாற்றி என்ற சொல் ஊரெல்லாம் ஊன்றிவிட்டது, இலக்கணமும் இடிக்கவில்லை. ஆனால் எதை எதுவாக மாற்றுகிறது என்று அந்தச் சொல் சொல்லாது. துருவை மறுபடியும் இரும்பாக்கித் தருகிற மருந்து என்று புதியவர் எடுத்துக்கொள்ள இடமிருக்கிறது. தின்னப்பட்ட இரும்பு திரும்பாது. நடப்பது ஒன்றுதான்: பொருபொருவென்று ஈரத்தைக் குடித்துக்கொண்டிருந்த துரு, அசையாத ஒரு பொருளாகக் கட்டுப்படுகிறது.

இதற்கு நம்மிடம் பழைய சொல் இருக்கிறது. சித்த மருத்துவத்தின் 32 அகமருந்துகளில் ‘கட்டு’ ஒரு வகை. ஓடுகிற பாதரசத்தை நிலைநிறுத்துவது ரசக்கட்டு. அந்த வழியில் இது ‘துருக்கட்டு’.

திருநகரிலிருந்து:

அம்மா, ‘துருக்கட்டு’ அழகாக இருக்கிறது. ஆனால் பேச்சில் எப்படிக் காதில் விழும்? பாசி கட்டியிருக்கு, நூலாம்படை கட்டியிருக்கு என்கிறோம். அந்தப் பழக்கத்தில் துருக்கட்டு என்றால் துரு திரண்டு நிற்பது என்றுதான் முதலில் தோன்றும். ‘துருக்கட்டி’ என்று யாராவது எழுதிவிட்டால் இன்னும் மோசம், அது வெறும் கட்டி.

என் பரிந்துரை ‘துருக்கருக்கி’. பூசின கொஞ்ச நேரத்தில் செம்பழுப்பு நிறம் ஊதா கலந்த கறுப்பாக மாறுவது கண்ணுக்குத் தெரிகிறது. கறுக்காத இடத்தில் துருவே இல்லை, அல்லது மருந்து பிடிக்கவில்லை என்று பெயரை வைத்தே புதியவர் தெரிந்துகொள்ளலாம்.

கோச்சடையிலிருந்து:

கறுப்பு, டானிக் வகைக்கு மட்டும் பொருந்தும். பாஸ்பரிக் வகை பல நேரம் சாம்பல் பூத்தாற்போல வெளுத்து நிற்கும். அதை வாங்கினவர், கறுக்கவில்லையே என்று மேலும் மேலும் பூசுவார். மிஞ்சின அமிலம்தான் கூடும். பாதிப் பொருளுக்கு மட்டும் பொருந்துகிற பெயர் வேண்டாம். தவிர, ‘கருக்குதல்’ என்றால் அடுப்பில் தீய்ப்பதும்தானே.

காதில் விழுவது பற்றிச் சொன்னது நியாயமான தடை. அதற்கு என்னிடம் விடை இல்லை.

அவனியாபுரம் டிங்கரிங் பட்டறையிலிருந்து:

விடை பட்டறையிலேயே இருக்கிறது. இங்கே யாரும் ‘ரஸ்ட் கன்வெர்ட்டர் பூசு’ என்று சொல்வதில்லை, ‘மருந்து அடி’ என்றுதான் சொல்கிறோம். பூச்சி மருந்து, எறும்பு மருந்து மாதிரி ‘துருக்கட்டு மருந்து’ என்று முழுசாகச் சொன்னால் துரு திரண்டதா, மருந்தா என்கிற குழப்பம் வராது. கடையில் கேட்கவும் வாய்க்கு வருகிறது.

அடிக்கிற முறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 4 அங்குல கிரைண்டரில் கம்பிக் கிண்ணம் மாட்டிச் செதிலை உதிர்த்து, 80 நம்பர் உப்புத்தாள் போட்டு, தின்னர் நனைத்த பனியன் வேஸ்ட்டால் எண்ணெய்ப் பிசுக்கைத் துடைக்க வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடி கட்டாயம். கம்பிக் கிண்ணத்திலிருந்து தெறிக்கிற முடிக்கம்பி சட்டையைக் குத்திக்கொண்டு உள்ளே போகும்.

மருந்தை டின்னிலிருந்து நேராகத் தொட்டு அடிக்கக் கூடாது. வேண்டிய அளவைப் பிளாஸ்டிக் கப்பில் ஊற்றிக்கொண்டு, மிச்சத்தைத் திரும்ப டின்னில் ஊற்றாமல் கொட்டிவிட வேண்டும். பிரஷ்ஷில் ஒட்டின துரு உள்ளே போனால் டின் மருந்து முழுவதும் கறுத்து வீணாகும். மெல்லிசாக இரண்டு கோட். சித்திரை, வைகாசியில் நடுப்பகலில் கூரைத் தகட்டில் கை வைக்க முடியாது. அந்தச் சூட்டில் அடித்தால் துருவுக்குள் இறங்குவதற்கு முன்பே காய்ந்துவிடும். காலை 8 மணிக்குள் முடித்துவிடுங்கள். துருவே இல்லாத பளபள இரும்பில் டானிக் மருந்து அடிப்பது வீண். அதற்கு வேலை செய்யத் துரு வேண்டும்.

நன்றாகக் காய்ந்த பிறகு இரண்டு பாகம் கலக்கிற எபாக்ஸி பிரைமர், அதற்கு மேலேதான் பட்டி, அதாவது பள்ளத்தை நிரப்பிச் சமன் செய்கிற பசை. பட்டி ஈரத்தைக் குடிக்கும். அதை நேராகத் துரு மேல் அப்பி மறைத்த வண்டிதான் சந்தையில் நிறைய. 100 கிராம் பட்டிக்கு 2 கிராம் ஹார்டனர். வெயில் காலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்கிக்கொள்ளுங்கள், கையில் இருக்கும்போதே இறுகிவிடும்.

பழங்காநத்தத்திலிருந்து:

‘துருக்கட்டு மருந்து’ என்றே கையேட்டில் வைக்கிறேன். முதல் முறை வருகிற இடத்தில் மட்டும் ‘கடையில் ரஸ்ட் கன்வெர்ட்டர் என்று கேட்கவும்’ என்று ஒரு வரி சேர்க்கிறேன். துருவைக் கரைத்து எடுக்கிற அமிலத்துக்கு ‘துருநீக்கி’ அப்படியே இருக்கட்டும். அந்தச் சொல்லுக்கு உரிய பொருள் அதுதான். துருமாற்றியைச் சொல்லடைவில் இணைச்சொல்லாகத் தருகிறேன், வேறு நூலில் பார்ப்பவர் தடுமாறக் கூடாது.

தங்குவண்டிக்கு இந்தச் சொல் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதையும் அத்தியாயத்தில் எழுத வேண்டியிருக்கிறது. பயணிகள் வேனில் உள்தகடு எப்போது வேண்டுமானாலும் திறந்து பார்க்கிற மாதிரி இருக்கும். தங்குவண்டியில் அதன் மேல் வெப்பக்காப்பு ஒட்டி, பிளைவுட் அடித்து மூடிவிடுகிறோம். கொடைக்கானல் குளிரில் நாலு பேர் மூச்சும், டீ போட்ட ஆவியும் பிளைவுட் இடுக்கு வழியாகப் போய்க் குளிர்ந்த தகட்டில் நீராகப் படியும். உள்பக்கம் விட்டுப்போன துரு அங்கே சாப்பிட்டுக்கொண்டே இருக்கும், வெளியே பெயின்ட் கொப்பளிக்கிற வரைக்கும் தெரியாது.

திருத்திய பத்தி:

“பிளைவுட் அடிப்பதற்கு முன், ஜன்னலுக்கு வெட்டின விளிம்பு, திருகு போட்ட ஓட்டை உட்பட உள்தகட்டில் துரு தெரிகிற இடமெல்லாம் துருக்கட்டு மருந்து இரண்டு கோட் அடிக்கவும். காய்ந்ததும் உள்பக்கம் முழுவதற்கும் எபாக்ஸி பிரைமர் அடிக்கவும். செதில் உதிர்க்கக் கை நுழையாத சட்டங்களின் உள்ளே இந்த மருந்தை ஊற்றக் கூடாது. அங்கே வடிகால் ஓட்டைகளைத் திறந்துவிட்டு, மெழுகு கலந்த துருத்தடுப்பு எண்ணெயை நீளமான குழாய் வைத்துப் பீய்ச்சவும்.”

கை நுழையாத அந்தச் சட்டத்துக்கும் ஒரு பெயர் வேண்டும். பட்டறையில் அதை ‘பாக்ஸ்’ என்கிறார்கள். ‘கூட்டுச்சட்டம்’ என்று எழுதினால், கூடு உள்ள சட்டமா, கூட்டிச் சேர்த்த சட்டமா என்று படிக்கிறவருக்குப் புரியாது. அதைத் தனி மடலில் தொடங்குகிறேன்.